எல்லைக் காவலன் வளர்த்த பிள்ளை

திருநாவலூரில் ஒரு தேநீர்க் கடை. பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வாய் குடிப்பதற்குள் கேள்வி வந்துவிட்டது.

"சாருக்கு எந்த ஊரு?"

சொன்னோம்.

"இங்கே யார் வீட்டுக்கு?"

கோயிலைப் பார்க்க வந்திருக்கிறோம் என்றதும் கேட்டவரின் முகம் மலர்ந்தது. வழி சொன்னார்கள். நடை சாத்துவதற்குள் போய்விடும்படி அவசரமும் படுத்தினார்கள்.

தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இந்த இரண்டு கேள்விகளுக்குத் தப்ப முடியாது. போலீஸ் சாவடியும் பாஸ்போர்ட்டும் வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே, ஊர் எல்லையைக் காத்து வந்த கேள்விகள் இவை. கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை. புது முகத்தைப் பார்த்தால் யார் என்று விசாரிக்காத ஊர், திருடனுக்கும் திண்ணையைக் கொடுத்துவிடும்.

ஆனால், பதில் திருப்தியாக இல்லாவிட்டால் என்ன செய்வது? போலீசுக்குச் சொல்லி அனுப்புவதா, அல்லது நாமே தடியை எடுப்பதா? இன்று உலகத்தில் பல தேசங்களைக் கலக்கி வரும் பிரச்னை இதுதான். அதைப் பற்றி யோசிப்பதற்குத் திருநாவலூரைப் போல் பொருத்தமான ஊர் வேறு இல்லை. ஏன் என்று சொல்லுகிறோம்.

முனைப்பாடி நாடு

கள்ளக்குறிச்சி ஜில்லாவில், சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது திருநாவலூர். நாவல் மரம் தல விருட்சமான பக்தஜனேசுவரர் கோயில் இங்கே இருக்கிறது. சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர் இது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

இந்தப் பிரதேசத்துக்குப் பழைய பெயர் திருமுனைப்பாடி நாடு. முனை என்றால் போர்முனை. பாடி என்றால் படை தங்கும் இடம். பெயரே எல்லைப்புறத்துப் பெயராக இருக்கிறது. வடக்கே தொண்டை நாடு, தெற்கே சோழ நாடு. இரண்டுக்கும் நடுவே கிடந்ததால் நடுநாடு. வடக்கிலிருந்து வந்த படைகளும் தெற்கிலிருந்து போன படைகளும் இந்த மண்ணை மிதித்துக்கொண்டுதான் சென்றன.

இந்நாட்டை ஆண்ட சிற்றரசர் நரசிங்க முனையரையர். அவருடைய பட்டப் பெயரிலேயே "முனை" இருக்கிறது. எல்லைக் காவல்தான் அவருக்குக் குலத்தொழில் என்று கொள்ளலாம். அவர் ஒரு நாள் தெருவில் போகும்போது, சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்த ஒரு குழந்தையைக் கண்டார். சடையனார், இசைஞானியார் தம்பதியின் குழந்தை அது. அரசருக்குப் பிள்ளையிடத்தில் ஆசை விழுந்துவிட்டது. பெற்றோரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய் அரண்மனையில் தம் பிள்ளையாகவே வளர்த்தார். அந்தக் குழந்தைதான் சுந்தரர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் சொல்லும் வரலாறு இது.

இந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

தாத்தா எழுதிய ஓலை

சுந்தரருக்குக் கல்யாண வயது வந்தது. புத்தூரில் மணப் பந்தல். தாலி கட்டும் நேரத்தில் ஒரு கிழவர் கோலூன்றிக்கொண்டு உள்ளே வந்தார். "இந்த மாப்பிள்ளை எனக்கு அடிமை. இவன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது" என்றார். சுந்தரருக்கு வந்த கோபத்தில் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்தே போட்டுவிட்டார். கிழவர் அசரவில்லை. "நீ கிழித்தது நகல்தான். மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது. வா வழக்குக்கு" என்றார்.

வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போயிற்று. சபையார் என்ன செய்தார்கள்? கிழவர் சொன்னதை அப்படியே நம்பவில்லை. மாப்பிள்ளை பெரிய இடத்துப் பிள்ளை என்பதற்காகக் கிழவரைத் துரத்தவும் இல்லை. மூல ஓலையைக் கொண்டுவரச் சொன்னார்கள். சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறு ஓலை ஒன்றையும் வருவித்து, இரண்டு கையெழுத்தையும் ஒப்பிட்டார்கள். இரு தரப்பையும் கேட்டார்கள். பட்டப் பகலில், பத்துப் பேர் முன்னிலையில், தீர்ப்புச் சொன்னார்கள்.

வந்த கிழவர் சிவபெருமான் என்பதும், திட்டிய சொல்லையே முதல் சொல்லாக வைத்துச் சுந்தரர் தேவாரம் பாடினார் என்பதும் பக்தர்கள் அறிந்த செய்தி. நாம் இங்கே கவனிக்க வேண்டியது வேறு. "நீ யார்?" என்ற கேள்விக்குப் பாட்டன் எழுதிய ஓலை பதிலாக வந்தது. அந்த ஓலையைச் சோதித்தது சபை. கல்யாணத்துக்கு வந்திருந்த கூட்டம் அல்ல.

எல்லை காத்த வெளியூரார்

திருநாவலூர்க் கோயில் கல்வெட்டுகளில் இன்னொரு சுவையான செய்தி உண்டு. முதலாம் பராந்தக சோழனுடைய மகன் ராஜாதித்தன், பத்தாம் நூற்றாண்டில், வடக்கேயிருந்து ராஷ்டிரகூடர் படை வரக்கூடும் என்று எதிர்பார்த்து இந்தத் திருமுனைப்பாடி நாட்டில் பெரும் படையுடன் தங்கியிருந்தான். இவ்வூருக்கு ராஜாதித்தபுரம் என்ற பெயரும் அப்போது வழங்கியது.

அவனோடு எல்லை காத்தவர்கள் யார்? அவர்களில் பலர் மலையாள நாட்டுச் சேவகர்கள். இந்தக் கோயிலில் விளக்கெரிக்க அவர்கள் கொடுத்த தானங்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. ராஜாதித்தனுடைய சேனாபதியான வெள்ளங்குமரனும் கேரளத்தவன்தான். பெண்ணையாற்றங்கரையில் கிராமம் என்ற ஊரில் 943-ல் சிவன் கோயில் எடுப்பித்தவன் அவன்.

949-ல் தக்கோலப் போரில், யானை மேல் இருந்தபடியே ராஜாதித்தன் உயிர் நீத்தான். பிறகு திருவொற்றியூரில் ஒரு துறவி இருந்தார். தம் இளவரசனோடு சேர்ந்து உயிரை விடக் கொடுத்து வைக்கவில்லையே என்ற துக்கத்தில் உலகைத் துறந்த கேரளத்து வீரர் அவர் என்று அவ்வூர்க் கல்வெட்டுச் சொல்லுகிறது. வெள்ளங்குமரனும் அந்தத் துறவியும் ஒருவரே என்பது சரித்திர அறிஞர் சிலரின் கருத்து.

ஆக, சோழ நாட்டின் வட எல்லையைக் காத்தவர்களே வெளியிலிருந்து வந்தவர்கள். அந்தப் போருக்குப் பிறகு எல்லை தெற்கே நகர்ந்தது. இந்த வட்டாரத்துக் கோயில்களில் ராஷ்டிரகூட மன்னன் கன்னரதேவனின் ஆட்சியாண்டு பொறித்த கல்வெட்டுகள் எழுந்தன. பின்பு எல்லை மறுபடி வடக்கே போயிற்று. ஏர் பிடித்தவன் இருந்த இடத்திலேயே இருந்தான். எல்லைக்கோடுதான் அவன் தலைக்கு மேல் போவதும் வருவதுமாக இருந்தது.

மேற்கே கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரும், தங்கள் முன்னோர் காஞ்சீபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். 1947-ல் நாடு சுதந்திரம் பெற்ற பிறகும் அந்த மலை ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்தது. 1976-ல்தான் சர்க்கார் நிர்வாகத்துக்குள் வந்தது. தேசத்தின் நடுவிலேயே இருந்தும் தேசத்துக்குள் சேரக் கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தார்கள் அவர்கள். எல்லை என்பது ஓரத்தில் மட்டும் இருப்பதல்ல.

பாலைவனத்தில் நாற்காலி

இனி இந்தக் காலத்துக்கு வருவோம்.

2005 ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் ஓர் அதிசயம் நடந்தது. அரிசோனா மாகாணத்துப் பாலைவனத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டி, சாதாரணக் குடிமக்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கையில் தொலைநோக்கி. சிலர் இடுப்பில் துப்பாக்கி. மெக்சிகோவிலிருந்து அனுமதியில்லாமல் வருகிறவர்களைச் சர்க்கார் சரியாகத் தடுக்கவில்லை, ஆகவே நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். இந்த இயக்கத்துக்கு "மினிட்மென்" என்று பெயர். அமெரிக்கச் சுதந்திரப் போரில், கூப்பிட்ட நிமிஷத்தில் துப்பாக்கியோடு ஓடிவந்த விவசாயிகளின் பெயர் அது.

அப்போது ஜனாதிபதியாக இருந்த ஜார்ஜ் புஷ், சட்டத்தைத் தம் கையில் எடுத்துக்கொள்கிறவர்களைத் தாம் ஆதரிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். நாலைந்து வருஷத்துக்குள் தலைவர்களுக்குள் சண்டை வந்து இயக்கமும் சிதறியது. ஆனால் அது எழுப்பிய கேள்வி சிதறவில்லை.

எருதைத் தேடியவர்

குடிமக்களின் கண் தேசத்துக்குத் தேவையே இல்லையா? தேவைதான். அதற்கு நம் நாட்டிலேயே உயர்ந்த சாட்சி இருக்கிறது.

1999 மே மாதத் தொடக்கம். லடாக்கில் கார்க்கோன் என்ற கிராமத்து இடையர் தாஷி நம்கியால், காணாமற்போன தம் யாக் எருதைத் தேடி மலை ஏறினார். தொலைநோக்கியில் பார்த்தால், எருதுக்குப் பதில் மனிதர்கள் தெரிந்தார்கள். பாறைகளைப் புரட்டிப் பதுங்கு குழி அமைத்துக்கொண்டிருந்தார்கள். நம்கியால் அவர்களிடம் போய்ச் சண்டை பிடிக்கவில்லை. நேரே இறங்கி வந்து ராணுவத்திடம் சொன்னார். கார்கில் ஊடுருவல் ராணுவத்துக்கு முதலில் தெரியவந்த வழிகளில் இது ஒன்று. அவர் 2024 டிசம்பரில் காலமானார்.

2008 நவம்பரில் பம்பாய்க் கரையில் படகிலிருந்து இறங்கிய கொலைகாரர்களையும் முதலில் கண்டு சந்தேகப்பட்டவர்கள் மீனவர் குப்பத்து ஜனங்களே. அதற்குப் பிறகு, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்ட தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் மீனவர்களைக் காவலின் கண்ணும் காதுமாகக் கொள்ளும் ஏற்பாடுகள் வந்தன. அந்நியப் படகைக் கண்டால் கடலோரப் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

கண்ணும் காதும் என்றார்களே தவிர, கை என்று சொல்லவில்லை. அதைக் கவனிக்க வேண்டும்.

ஜம்முவில் கையும் கொடுத்துப் பார்த்தார்கள். தீவிரவாதிகளின் தொல்லைக்கு ஆளான மலைக் கிராமங்களில் 1995-ல் கிராமப் பாதுகாப்புக் குழுக்கள் ஏற்பட்டன. சர்க்காரே துப்பாக்கி கொடுத்தது. தொலைவில் கிடந்த பல குடும்பங்கள் ஊரை விட்டு ஓடாமல் இருந்ததற்கு அந்தத் துப்பாக்கி துணை செய்தது. அதே துப்பாக்கியைச் சொந்தப் பகைக்குப் பயன்படுத்தியதாகச் சிலர் மீது குற்ற வழக்குகளும் பதிவாயின. கையில் ஆயுதம் ஏறினால், எதிரி யார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையும் கூடவே ஏறிவிடுகிறது.

அத்திமூரில் நடந்தது

வெகுதூரம் போவானேன்? திருநாவலூருக்கு அண்டை ஜில்லாவான திருவண்ணாமலைக்கு வாருங்கள்.

2018-ல் தமிழ்நாட்டின் வட ஜில்லாக்களில் ஒரு வதந்தி கிளம்பியது. வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருக்கிறது என்று கைப்பேசிக்குக் கைப்பேசி செய்தி பறந்தது. கிராமங்களில் ஜனங்கள் கண் விழித்துக் காவல் இருக்கத் தொடங்கினார்கள். பிள்ளைகளைப் பெற்றவர்களின் பயம் அது. பரிகசிக்கத் தக்கதல்ல.

அந்த ஆண்டு மே மாதம், சென்னையைச் சேர்ந்த ஒரு முதிய பெண்மணி, உறவினர்களோடு காரில் போளூர் பக்கம் வந்தார். அவர்களுடைய குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த பயணம். அத்திமூர் அருகே வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அவ்வளவுதான். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் கூடிவிட்டது. அந்தத் தாய் அடித்துக் கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள்.

அவர் பேசியது தமிழ். தேடி வந்தது தம் குலதெய்வத்தை. அதாவது, தம் வேர் இருக்கும் மண்ணை. அந்நியரிடமிருந்து ஊரைக் காக்கக் கிளம்பியவர்கள், ஊருக்குச் சொந்தமான ஒருத்தியையே அடித்துக் கொன்றார்கள்.

திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் ஓலையை வாங்கிப் படித்தார்கள். இங்கே ஓலையைக் காட்ட ஒரு நிமிஷம்கூடக் கொடுக்கவில்லை.

மூன்று தலைமுறைக் கணக்கு

சட்டம் செய்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? அதையும் நாம் பார்த்துவிட்டோம்.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-லேயே ஒரு பிரஜா உரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பனைப் பெற்ற பாட்டனும், அவரைப் பெற்ற பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அதற்கு ருசு எங்கே? நம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன தோட்டத் தொழிலாளர்களுக்குப் பாட்டன் நட்ட தேயிலைச் செடி இருந்தது; பாட்டனின் பிறப்புச் சான்று இல்லை. லட்சக்கணக்கானவர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். மறு ஆண்டு வந்த சட்டத்தின்படி மனுப் போட்டவர்களில், 1964 வரை பிரஜா உரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்குத்தான்.

1964 அக்டோபர் 30-ல் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜா உரிமை கொடுக்கும். மிச்சம் 1,50,000 பேரின் கதி பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-ல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இலங்கையிலேயே தங்கிவிட்ட நாடற்றவர்களுக்குப் பிரஜா உரிமை கொடுக்க 2003-ல் தனிச் சட்டம் வந்தது. ஐம்பத்தைந்து வருஷம் ஆயிற்று!

அஸ்ஸாமிலும் இதே கதை. வெளிநாட்டாரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று 1979-ல் கிளர்ச்சி எழுந்தது. தங்கள் மொழியும் நிலமும் கைவிட்டுப் போய்விடுமே என்ற உண்மையான கவலை அந்த ஜனங்களுக்கு இருந்தது. ஆனால் 1983 பிப்ரவரியில், நெல்லி என்ற இடத்தில், ஒரே நாளில் 1,800-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் பலர். 1985-ல் ஒப்பந்தம் ஆயிற்று. 2019 ஆகஸ்டில் குடிமக்கள் பதிவேடு வெளியானபோது சுமார் 19 லட்சம் பேரின் பெயர் அதில் இல்லை. 1971 மார்ச் 24-க்கு முந்திய ஏதாவது ஒரு பதிவில் தம் பெயரையோ முன்னோர் பெயரையோ காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. ஆற்று வெள்ளம் வீட்டையே கொண்டுபோகும் தேசத்தில், ஐம்பது வருஷத்துக் காகிதத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர் எத்தனை பேர்?

தோணி திரும்பியது

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் முப்பது கிலோமீட்டர் கடல். ஐம்பதுகளில் இங்கிருந்து களவாகத் தோணி ஏறிப் பிழைப்புத் தேடிப் போனவர்களை இலங்கையில் "கள்ளத்தோணி" என்றார்கள். அவர்களைப் பிடிக்க 1952-லிருந்து இலங்கை ராணுவமே வடமேற்குக் கரையில் காவல் நின்றது. நாளடைவில், பல தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழனையும் அதே சொல்லால் ஏசும் நிலை வந்தது. பிடிக்க வந்த சொல், வசைச் சொல்லாக நின்றுவிட்டது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தோணி திசை மாறியது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கிருந்து இங்கே வந்தார்கள். 2022-ல் அங்கே அரிசிக்கும் எரிபொருளுக்கும் பஞ்சம் வந்தபோதும், தனுஷ்கோடி மணல் திட்டுகளில் குழந்தை குட்டிகளோடு வந்து இறங்கினார்கள். நம் கரையில் யாரும் தடியோடு நிற்கவில்லை. கடலோரக் காவல் படையும் போலீசாரும் அழைத்துவந்து சாப்பாடு கொடுத்தார்கள். தமிழ்நாடு பெருமைப்படலாம்.

ஆனால் பெருமையோடு கதை முடியவில்லை. 2021-ல் சர்க்கார் சொன்ன கணக்குப்படி, தமிழ்நாட்டு முகாம்களில் சுமார் 58,000 பேரும், வெளியே சுமார் 34,000 பேரும் இருந்தார்கள். அவர்களில் ஏராளமானவர்கள் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். நம் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். இலங்கையைக் கண்ணால் கண்டதில்லை. இருந்தும் பிரஜைகள் அல்ல. 1987 ஜூலை 1-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்பது நம் சட்டம். 2019-ல் வந்த திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று தேசங்களிலிருந்து வந்தவர்களில் சில மதத்தாருக்கு வழி திறந்தது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை.

இருட்டில் ஒரு வெளிச்சம் உண்டு. 1986-ல் முகாமில் பிறந்த ஒரு பெண் ஐக்கோர்ட்டு மதுரைக் கிளைக்குப் போனார். தேதி 1987-க்கு முந்தியது; பிறப்புச் சான்று கையில் இருந்தது. கோர்ட்டு ஓலையைப் பார்த்தது. அவருக்குப் பாஸ்போர்ட்டு கொடுக்கும்படி 2022-ல் உத்தரவாயிற்று. 2024 பார்லிமெண்டுத் தேர்தலில் அவர் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். முப்பத்தெட்டு வயதில் முதல் ஓட்டு!

அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்த தங்கைக்கோ தம்பிக்கோ இந்த வழி கிடையாது. ஒரே முகாம், ஒரே கூரை. ஒருவர் பிரஜை, ஒருவர் அந்நியர்.

முனையரையர் சொன்ன பதில்

எல்லை வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. வீட்டுக்குக் கதவு உண்டு, ஊருக்கு எல்லை உண்டு, தேசத்துக்குக் காவல் உண்டு. கண்டதைச் சொல்வது குடிமகனின் கடமை. ஆனால் கண் நம்முடையதாக இருக்கட்டும். கை சட்டத்தினுடையதாக இருக்கட்டும். அந்தச் சட்டமும் ஓலையை மட்டும் பாராமல், ஓலை இல்லாதவனின் வாழ்நாளையும் சற்றுப் பார்க்கட்டும்.

திருநாவலூர்க் கோயிலை விட்டு வெளியே வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பு இங்கேதான் ஒரு பிள்ளை சிறுதேர் உருட்டியிருக்கும். எல்லை காக்கும் தொழிலில் இருந்த அரசர், அந்தப் பிள்ளையைப் பார்த்துக் குலம் கேட்கவில்லை, ஓலை கேட்கவில்லை. தூக்கிக்கொண்டார்.

அவர் நாட்டு எல்லை என்றைக்கோ அழிந்துவிட்டது. அவர் வளர்த்த பிள்ளையின் பெயரால்தான் இந்த ஊர் இன்றும் நிலைத்திருக்கிறது.